யார் குடிப்பது என்று சீட்டு சொல்லும்

முதுகில் மெழுகுவத்தியைச் சுமந்து நிற்கும் ஆமை. பார்த்ததும் அப்படித்தான் தோன்றும். வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய அந்த ஆமையின் மேல் நிற்பது மெழுகுவத்தி அல்ல, மூடி போட்ட உருளைக் கூடு. ஆமையும் கூடும் சேர்ந்து ஒன்றரைச் சாண் உயரம். மூடியைத் திறந்தால் உள்ளே 50 வெள்ளித் தகடுகள். ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் நீளம், விரலை விடக் குறைந்த அகலம். எல்லாத் தகட்டிலும் எழுத்து செதுக்கியிருக்கிறது. மேல்பாதியில் கன்ஃபூசியஸின் உரையாடல் தொகுப்பான ‘லுன்யூ’விலிருந்து ஒரு வாக்கியம். கீழ்ப்பாதியில் யார் குடிக்க வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்ற உத்தரவு.

சீனத்தின் ஜியாங்சு மாகாணத்தில், ஜென்ஜியாங் நகரை ஒட்டிய டிங்மாவ் பாலத்தருகே 1982-இல் ஒரு புதையல் கிடைத்தது. தாங் அரச மரபின் (618–907) காலத்தில் யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்து, திரும்ப வந்து எடுக்க முடியாமல் போன சொத்து. 950-க்கும் மேற்பட்ட வெள்ளிச் சாமான்களில் பெரும்பாலானவை கொண்டை ஊசிகள். அவற்றுக்கு நடுவே இருந்த இந்த ஆமைதான் உலகில் கிடைத்துள்ள குடி விளையாட்டுச் சாதனங்களிலேயே மிக அழகானது என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்று மேற்கத்திய விருந்துகளில் ‘கிங்ஸ்’ என்றொரு சீட்டாட்டம் ஆடுகிறார்கள். நடுவில் ஒரு கோப்பை, அதைச் சுற்றிக் கவிழ்த்து வைத்த 52 சீட்டுகள். ஒவ்வொருவராக ஒரு சீட்டை உருவ வேண்டும். எந்த எண் வந்தால் யார் குடிப்பது, யார் பாடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். ராஜா வந்தால் தன் கோப்பையிலிருந்து நடுக் கோப்பையில் கொஞ்சம் ஊற்ற வேண்டும். நான்காவது ராஜாவை எடுத்தவர் அந்தக் கலவை முழுவதையும் குடித்தாக வேண்டும். இந்த ஆட்டத்தில் விதிகள் ஆடுகிறவர்களின் நினைவில் இருக்கின்றன. சீனத்தில் விதியைச் சீட்டின் மீதே எழுதினார்கள். அந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் இலக்கியமும் ஓவியமும் குடிப்பந்திக்குள் வந்து உட்கார்ந்தன.

வெள்ளித் தகடுகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தொலைவிலிருந்து நண்பர் வருவதில் உள்ள மகிழ்ச்சியைப் பற்றி ‘லுன்யூ’வில் ஒரு வரி உண்டு. அது பொறித்த தகடு வந்தால் பந்தியின் முதன்மை விருந்தாளி அரைக் கிண்ணம் குடிக்க வேண்டும். நாக்கு சொன்னதை நான்கு குதிரை பூட்டிய தேராலும் துரத்திப் பிடிக்க முடியாது என்ற பொருளில் இன்னொரு வரி. அதற்குக் கீழே, அதிகம் பேசியவருக்கு அரைக் கிண்ணம் தண்டனை. இளையவர்களைக் கண்டு அஞ்ச வேண்டும் என்ற வரிக்குப் பந்தியில் இருக்கும் இளைஞர் மாட்டிக்கொள்வார். கன்ஃபூசியஸ் மதுவுக்கு மட்டும் அளவு வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் நிலை தவறியதில்லை என்று சீடர்கள் குறித்து வைத்த வரி, பெருங்குடியர்களுக்கு ஒரு முழுக் கிண்ணத்தைக் கொண்டுவரும். தனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்ற புகழ்பெற்ற அறிவுரை வந்தால்? அங்கே ஒரே எழுத்து: விடு. யாரும் குடிக்க வேண்டியதில்லை.

இதில் சிரிப்பு வர வேண்டுமானால் ‘லுன்யூ’ மனப்பாடமாக இருக்க வேண்டும். தாங் காலத்து அரசுத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அது சிறுவயதிலிருந்தே நெட்டுரு. வகுப்பில் கைகட்டிச் சொன்ன வரி குடிப்பந்தியில் வேறு முகத்தோடு திரும்பி வந்தால் எப்படி இருந்திருக்கும்! அதற்காகப் புனித நூலை யாரும் கேலி செய்ததாக ஆகாது. நூல் ரத்தத்தில் ஊறியவர்கள் அதோடு விளையாடினார்கள், அவ்வளவுதான்.

அளவுகளும் கவனிக்கத்தக்கவை. ஐந்து பங்கு என்றால் அரைக் கிண்ணம், ஏழு பங்கு என்றால் முக்காலுக்குச் சற்றுக் குறைவு, பத்து என்றால் முழுக் கிண்ணம். நாற்பது பங்கு, அதாவது நான்கு கிண்ணம் சொல்கிற தகடும் உண்டு. நான்கு கிண்ணமா என்று மலைக்க வேண்டாம். அன்று பந்தியில் ஓடியது அரிசியையோ தினையையோ புளிக்க வைத்து எடுத்த மென்மையான மது. காய்ச்சி வடித்த கடும் சாராயம் சீனத்தில் பரவியது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

பந்தியை நடத்தத் தனி அதிகாரிகளும் இருந்தார்கள். இருபது பேருக்கு ஒருவர் வீதம் தலைவர். அவர் கையில் பகடையும் அகப்பையும். அவருக்குக் கீழே விதிகளைக் காப்பவர் ஒருவர். கொடியும் தகடுகளும் அவர் பொறுப்பு. தண்டனைக் கிண்ணத்தை நீட்டிக் குடிக்க வைப்பவர் மூன்றாமவர். ஜென்ஜியாங் புதையலில் வெள்ளியால் ஆன அந்தச் சின்னக் கொடியும் கிடைத்திருக்கிறது. தகடுகள் அதிகாரிகளையும் விட்டு வைக்கவில்லை. தண்டனை முறை தவறினால் மக்களுக்குக் கை கால் வைக்க இடம் தெரியாது என்ற கன்ஃபூசியஸின் வரி வந்தால், தண்டனைக் கிண்ணக்காரரே அரைக் கிண்ணம் குடிக்க வேண்டும்!

குடிப்பந்திக்கு எதற்கு இத்தனை சட்டம் என்று கேட்டால், சிமா சியென் எழுதிய வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஹான் மரபை நிறுவிய லியு பாங் இறந்து, அவர் மனைவி லூ அரசியின் கையில் ஆட்சி. எங்கும் லூ குடும்பத்தாரின் செல்வாக்கு. ஒரு விருந்தில் லியு பாங்கின் பேரன் லியு ஜாங்கை அரசி மது அதிகாரியாக நியமித்தார். அவனுக்கு வயது 20. நான் படைவீரர் குடியில் வந்தவன், படைச் சட்டப்படியே நடத்த அனுமதி வேண்டும் என்று கேட்டான். அரசி சரி என்றார். பந்தி முற்றியபோது லூ குடும்பத்து ஆள் ஒருவன் போதை தாங்காமல் நழுவி வெளியேறினான். லியு ஜாங் துரத்திப் போய் வாளால் வெட்டிவிட்டுத் திரும்பி வந்து, சட்டப்படி ஒருவனைத் தண்டித்தேன் என்று அறிவித்தான். அனுமதி கொடுத்துவிட்ட அரசியால் எதுவும் சொல்ல முடியவில்லை.

உத்தரவு ஒரு மனிதனின் வாயிலிருந்து வரும்வரை அதற்குள் பகையும் அதிகாரமும் புகுந்துகொள்ளும். அதை ஒரு பொருளின் கையில் கொடுத்துவிட்டால் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. ஹான் காலத்திலேயே அந்த முயற்சி தொடங்கிவிட்டது. ஹெபெய் மாகாணத்தின் மான்செங் குன்றில் 1968-இல் தோண்டிய கல்லறைகள், இளவரசர் லியு ஷெங்குக்கும் அவர் மனைவி தோவ் வானுக்கும் உரியவை. தோவ் வானின் கல்லறையில் 40 வெண்கல விளையாட்டு நாணயங்களும் 18 முகங்கள் கொண்ட ஒரு பகடையும் கிடைத்தன. நாணயங்களில் பாதியில் வரிசை எண், மீதியில் குறுஞ்சொற்றொடர்கள். பகடையின் 16 முகங்களில் எண்கள். எஞ்சிய இரண்டில் ஒன்றில் இருப்பது, மது வரட்டும் என்ற சொல்.

கொரியாவின் சில்லா அரசிலும் இப்படி ஒன்று இருந்தது. கியோங்ஜு நகரத்து அரண்மனைக் குளமான வோல்ஜியைத் தூர்வாரியபோது, 1975-இல் 14 முகங்கள் கொண்ட மரப் பகடை ஒன்று சேற்றிலிருந்து வெளிவந்தது. ஒவ்வொரு முகத்திலும் நான்கைந்து எழுத்தில் ஓர் ஆணை: மூன்று கிண்ணம் ஒரே மூச்சில், இசையில்லாமல் ஆடு, குடித்து முடித்து உரக்கச் சிரி, எல்லாரும் சேர்ந்து இவன் மூக்கில் அடியுங்கள். சேற்றுக்குள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கெடாமல் கிடந்த அந்த மரத்துண்டு, பதப்படுத்துவதற்காகக் காய வைத்தபோது சூடு மிஞ்சி எரிந்து போயிற்று. படியெடுத்து வைத்திருந்ததால் எழுத்துகள் தப்பின. இன்று பார்ப்பதெல்லாம் அதன் மறுபடிவங்கள்தான்.

தகடும் பகடையும் காகிதச் சீட்டாக மாறியது மெதுவாக நடந்தது. சீட்டுக்குச் சீனர்கள் வைத்த பெயர் ‘யெட்சு’, அதாவது இலை. ஏடு என்ற சொல் நம்மிடம் பூவிதழுக்கும் புத்தகப் பக்கத்துக்கும் சேர்த்து வழங்குவது போலத்தான். 9-ஆம் நூற்றாண்டில் தாங் இளவரசி தோங்சாங் தன் புகுந்த வீட்டாரோடு ‘இலை விளையாட்டு’ ஆடியதாகக் குறிப்பு இருக்கிறது. அது சீட்டா, பகடை உருட்டி ஏட்டைப் பார்த்து ஆடும் ஆட்டமா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் வழக்கு ஓடுகிறது. 11-ஆம் நூற்றாண்டில் ஓயாங் சியூ, சுருளாக இருந்த நூல்களைப் புரட்டிப் பார்க்கச் சிரமமாக இருந்ததால் ஏடாக வெட்டிய பழக்கத்தோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொன்னார்.

மிங் காலத்துக்கு (1368–1644) வந்தால் ஐயத்துக்கு இடமில்லை. 15-ஆம் நூற்றாண்டில் லூ ரோங் என்ற அதிகாரி, தன் ஊர்ப்பக்கமான குன்ஷானில் கற்றவர் முதல் வேலைக்காரச் சிறுவர் வரை எல்லாருக்கும் சீட்டாடத் தெரியும் என்று எழுதி வைத்தார். அங்கே எட்டு ஆண்டு படித்தும் தனக்கு மட்டும் அது பிடிபடவில்லை, எல்லாரும் மந்தம் என்று சிரித்தார்கள் என்றும் சேர்த்திருக்கிறார். அந்தச் சீட்டுகளின் சின்னங்கள் எல்லாம் பணம்: காசு, காசுச் சரம், பத்தாயிரம் சரம். பெருந்தொகைச் சீட்டுகளில் ‘ஷுய்ஹு’ கதையின் லியாங்ஷான் கொள்ளைக்காரர்களின் உருவம். சூதாட்டம் கும்பல் கொள்ளைக்குச் சமம் என்று உணர்த்தவே அப்படி வரைந்தார்கள் என்பது லூ ரோங்கின் விளக்கம்.

வெள்ளித் தகட்டை ரசிக்கத் தேர்வுப் படிப்பு வேண்டும். கொள்ளைக்காரன் படம் போட்ட சீட்டுக்கு அது வேண்டாம். ‘ஷுய்ஹு’ கதையைத் தெருமுனையில் கதைசொல்லியிடம் கேட்டிருந்தால் போதும். ஆட்டத்துக்குள் இன்னும் எத்தனையோ பேர் நுழைய அந்த மாற்றம் வழிவிட்டது.

இந்தக் கலையின் உச்சம் ஜெஜியாங்கைச் சேர்ந்த ஓவியர் சென் ஹோங்ஷோ (1598–1652). அவர் ‘ஷுய்ஹு’ மாந்தர் 40 பேரைச் சீட்டுக்காக வரைந்த கதையை நண்பர் ஜாங் தாய் எழுதியிருக்கிறார். ஜோ கோங்ஜியா என்ற நண்பருக்கு வீட்டில் எட்டு வாய், சோற்றுக்கு வழியில்லை. அவர் வந்து கேட்க, ஜாங் தாய் ஓவியரை நச்சரிக்க, நான்கு மாதத்தில் வேலை முடிந்தது. பிறகு மிங் ஆட்சி கவிழ்ந்தது. சென் சில காலம் துறவி வேடத்தில் மறைந்து வாழ்ந்தார். 1651-இல் மீண்டும் சீட்டு வரைந்தபோது பசி அவர் வீட்டுக்கே வந்திருந்தது. இருபது பேர் கொண்ட குடும்பம். இந்த முறை 48 படங்கள். பணம் குவித்தவர்கள், பணத்தை வெறுத்தவர்கள், காசில்லாமல் வாழ்ந்தவர்கள் என்று பழங்கால மனிதர்களின் வரிசை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தொகை, ஓர் ஆள், ஒரு குறுவிளக்கம், பிறகு யார் குடிப்பது என்ற உத்தரவு. மறு ஆண்டே சென் இறந்தார். மரக்கட்டையில் செதுக்கும் கலைஞர் ஹுவாங் ஜியென்ஜோங் அந்தப் படங்களை அச்சுக்குக் கொண்டுவந்தது 1653-இல். வறுமையில் வாடும் ஓவியர், செல்வத்தையே பொருளாக எடுத்துக்கொண்டு, அடுத்தவர் விருந்துக்காக வரைந்த படங்கள் அவை. அந்தக் கோடுகளில் சலிப்பு துளியும் இல்லை; துணி மடிப்பு ஒவ்வொன்றும் கத்தியால் கீறியது போல் நிற்கிறது.

அவர் வழியில் ஓவியர் ரென் சியோங் 1854-இல் 48 சித்தர்களை வரைந்து மதுச் சீட்டு வெளியிட்டார். ரென் இறந்தது 1857-இல், நாற்பது வயதைத் தொடாமலே.

சீட்டு வந்த பிறகும், வெள்ளித் தகடு போல் கூட்டிலிருந்து உருவும் குச்சி ஒழியவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் காவ் ஷுவேசின் எழுதிய ‘செம்மாடக் கனவு’ நாவலின் 63-ஆம் அத்தியாயம் அதற்குச் சாட்சி. நாயகன் பாவ்யூவின் பிறந்தநாள். எட்டுப் பணிப்பெண்கள் தங்கள் காசைப் போட்டு இரவு விருந்து வைக்கிறார்கள். நால்வர் ஆளுக்கு அரை வெள்ளி, மற்ற நால்வர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மேற்பார்வைக்காரி ரோந்து வந்து போனதும் வாசலைச் சாத்திக்கொண்டு, வீட்டுப் பெண்களையும் இரவோடு இரவாக அழைத்து வருகிறார்கள். தந்தக் குச்சிகள் நிறைந்த கூடு நடுவில். ஒவ்வொரு குச்சியிலும் ஒரு பூ, கவிதையில் ஓர் அடி, குடிக்கும் விதி.

அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தியான ஷியாங்யுன் உருவிய குச்சி, எடுத்தவர் குடிக்க வேண்டாம், இரு பக்கத்தாரும் ஒவ்வொரு கிண்ணம் குடிக்கட்டும் என்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொரு பெண்ணான தாய்யூவும் பாவ்யூவும்! பாவ்யூ பாதியைக் குடித்து மீதியைப் பணிப்பெண் ஃபாங்குவானுக்கு நகர்த்துகிறான். உடம்புக்கு முடியாத தாய்யூ பேச்சுக் கொடுத்துக்கொண்டே தன் பங்கை வாய் கொப்பளிக்கும் பாத்திரத்தில் ஊற்றிவிடுகிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஷேயுவேயின் முறை. அவள் பணிப்பெண். அவள் கைக்கு வந்தது வசந்தத்தின் கடைசியில் பூக்கும் தூமி மலர். பந்தியில் இருப்பவர் அனைவரும் ஆளுக்கு மூன்று கிண்ணம் குடித்து வசந்தத்தை வழியனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. எசமானிகளும் பணிப்பெண்களும் ஒன்றாக அந்த உத்தரவுக்குக் கட்டுப்படுகிறார்கள். இதற்கு என்ன பொருள் என்று ஷேயுவே கேட்கிறாள். பாவ்யூ முகம் சுருங்கி, குச்சியைச் சட்டென்று மறைத்துக்கொண்டு, குடிக்கலாம் வாருங்கள் என்கிறான்.