கடலூரும் தில்லையும்: ஊரமைப்பும் பழமை பேணலும்

ஒரு குலத்தாருடைய பெருமை ஏட்டிலும் பட்டயத்திலும் மட்டும் நிற்பதன்று. அவர்கள் வாழ்ந்த வீதிகளிலும், வெட்டிய குளங்களிலும், வழிப்போக்கர்க்கென்று எழுப்பிய சத்திரங்களிலும் அது நிற்கிறது. ஏடு செல்லரிக்குமுன் படி எடுத்துக்கொள்ளலாம். வீதிக்கும் குளத்திற்கும் படி எடுப்பாரில்லை. ஆதலின், நம் மாவட்டத்தின் தலைநகராகிய கடலூரையும், சைவ உலகில் ‘கோயில்’ என்ற பெயராலேயே வழங்கப்பெறும் சிதம்பரத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் நின்றது எது, அழிந்தது எது, அதற்குக் காரணம் யாது என்று ஆராய்தல் நம்மவர்க்குப் பயன்படும் என எண்ணுகிறோம். முன்னோர் வைத்த தருமக் கட்டடங்களை இடித்துவிட்டு வாடகைக்குக் கடைகள் கட்டலாமா என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுவதால், இவ்வாராய்ச்சி வெறும் பழங்கதை ஆகாது.

தில்லையின் வீதிகள்

சிதம்பரத்தின் அமைப்பு எளியது. நடுவே ஆலயம், அதன் நான்கு வாயில்களிலிருந்தும் நான்கு சன்னதித் தெருக்கள், அவை சென்று சேரும் இடத்தில் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என நான்கு தேர்வீதிகள். ஆனித் திருமஞ்சனத்தை ஒட்டியும் மார்கழித் திருவாதிரையை ஒட்டியும் ஆண்டுக்கு இருமுறை விநாயகர், முருகர், நடராசர், சிவகாமியம்மை, சண்டிகேசுவரர் ஆகிய ஐவரும் தேரேறி இவ்வீதிகளை வலம் வருகின்றனர். இதனை வழிபாடு என்று மட்டும் கருதுவோர் பாதியே கண்டவராவர். தேர் திரும்புவதற்கு முனையில் இடம் வேண்டும். வடம் பிடிப்போர் கால் வைக்க இடம் வேண்டும். திண்ணையோ தாழ்வாரமோ பந்தலோ வீதிக்குள் நீண்டிருத்தல் ஆகாது. எனவே, ஒவ்வோராண்டும் இருமுறை தேரே அளவுகோலாக நின்று வீதியை அளந்துவிடுகிறது. தேரோட்டம் என்றால் நீட்டியதை மடக்குவதும் குறுக்கிட்ட கம்பிகளை அவிழ்ப்பதும் இன்றும் நிகழ்வனவே.

இவ்வமைப்பு தானே தோன்றியதன்று. முதற் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாயிருந்த நரலோகவீரன் என்னும் மணவிற் கூத்தன் இவ்வூருக்குச் செய்த பணிகளைக் கல்வெட்டுப் பாடல்கள் விரிவாகக் கூறுகின்றன. நூற்றுக்கால் மண்டபம் எடுத்தான். சுவாமி எழுந்தருளும் சுற்றுவழியை விளக்குகளோடு அமைத்தான். மாசிக் கடலாட்டிற்குக் கடற்கரையில் மண்டபமும் அங்குச் செல்ல வழியும் கண்டான். போர்க்களத்தில் பெயர் பெற்ற ஒருவன், வழி, விளக்கு, நீர்நிலை என்று ஊருக்கு வேண்டியவற்றைத் திட்டமிட்டுச் செய்தமை கருதற்குரியது. அவன் பணிகள் நம் மாவட்டத்துத் திருவதிகையிலும் நடந்தன.

இந்நகர் துன்பம் அறியாத நகரும் அன்று. கருநாடகப் போர்க்காலத்தில் ஆலய மதிலே கோட்டையாயிற்று. 1781 ஜூன் மாதத்தில், ஐதர் அலியின் படை காவலிருந்த இம்மதிலை ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் தாக்கிப் பின்வாங்கினான். அடுத்த ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் பெரும்போர் நடந்தது. போர் ஓய்ந்தபின் மக்கள் திரும்பினர். விளக்கு மீண்டும் எரிந்தது. தேர் மீண்டும் ஓடியது. 1754 முதல் 1794 வரை வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியாரின் பொருள் கீழைக்கோபுரத் திருப்பணிக்கு உதவியது. பின்னாளில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பெரும்பொருள் செலவிட்டனர்.

கீழைக்கோபுர வாயிலின் இருபக்கங்களிலும் பரதசாத்திரத்துக் கரணங்கள் சிற்பமாகவும், அவற்றின் இலக்கணச் சுலோகங்கள் எழுத்தாகவும் உள்ளன. அவற்றுள் 93 கரணங்களை அரசாங்கக் கல்வெட்டு இலாகாவினர் 1914-இல் அறிக்கையாக வெளியிட்டனர். பழைய கல் பழைய இடத்திலேயே இருந்தமையால் அன்றோ அவ்வறிவு நமக்குக் கிட்டியது? திருப்பணி என்ற பெயரால் அவ்வாயிலைப் பெயர்த்துப் புதுக்கல் வைத்திருந்தால், கோபுரம் இருக்கும். அதன் எழுத்து இராது.

கடலூரின் கதை

கடலூர் ஓரூர் அன்று. பல ஊர்களின் கூட்டம். துறைமுகத்தை ஒட்டிய முதுநகர், பாடலீசுவரர் எழுந்தருளிய திருப்பாதிரிப்புலியூர், கச்சேரிகள் அமைந்த மஞ்சக்குப்பம், கடலோரத்துத் தேவனாம்பட்டினம் முதலியவை சேர்ந்து 1866-இல் ஒரு முனிசிபாலிட்டியாயின, 2021-இல் மாநகராட்சியாயின. இவற்றுள் திருப்பாதிரிப்புலியூர் மிகப் பழையது. சமணர் நூலாகிய லோகவிபாகம் சகம் 380-இல், அதாவது கி.பி. 458-இல், இப்பாடலிபுரத்தில் முடிக்கப்பெற்றது. கல்லைத் தெப்பமாகக் கொண்டு அப்பரடிகள் கரையேறிய செய்தியைக் கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் சென்னைக் கவர்னர் எலிஹு யேல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டும் எல்லைவரை உள்ள நிலமெல்லாம் கும்பினிக்குச் சேரும் என்பது விற்பனையின் நிபந்தனை. இவ்வாறு குண்டால் அளக்கப்பெற்ற எல்லைக்கு இன்று எஞ்சிய சாட்சி, குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்னும் பெயர்களே. செயின்ட் டேவிட் கோட்டை என வழங்கிய அக்கோட்டை, 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலக் கும்பினியின் தலைமையிடமாயிருந்தது. 1758 ஜூன் மாதத்தில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி அதனைப் பிடித்து இடித்துவிட்டான். இப்பொழுது கெடிலத்தின் கழிமுகத்தருகே காண்பன சிதைவுகளே.

இரண்டு நகரங்களுக்கும் போர் வந்தது. ஒன்றில் மதில் நின்றது. மற்றொன்றில் கோட்டை மறைந்தது. பீரங்கியின் வலிமை மட்டும் இதற்குக் காரணமன்று. கோட்டை ஒரு வாணிகக் கூட்டத்தின் தேவைக்கு எழுந்தது. தேவை தீர்ந்ததும் அதனைத் தமது என்று எண்ணி மீண்டும் எடுப்பார் இலராயினர். தேர்வீதியோ, வடம் பிடித்த ஒவ்வொருவனும் தன்னது என்று எண்ணிய வீதி. பலர் பயன்படுத்தும் பொருளே பல தலைமுறை நிற்கும் என்பது இதனால் தெளிவாகும்.

இந்நூற்றாண்டில் கடலூர் இழந்து வருவது கோட்டையை அன்று, நீர்வழிகளை. பெண்ணையும் கெடிலமும் கடலொடு கலக்கும் தாழ்நிலத்தில் ஓடைகளைத் தூர்த்தும் கரைகளைக் குறுக்கியும் வீடெழுப்பினால் நேர்வது என்ன என்பதை 2015-ஆம் ஆண்டு வெள்ளம் நமக்குக் கற்பித்தது. சிதம்பரத்திலும் ஞானப்பிரகாசர் குளம், தில்லையம்மன் ஓடை ஆகியவற்றை ஆக்கிரமிப்பு நெருக்கியது அன்பர்கள் அறிந்ததே. வீதியை அளக்கத் தேர் உண்டு. ஓடையை அளக்கத் தேர் இல்லை. மழையே வந்து அளக்கிறது. அது கேட்கும் தண்டமோ பெரிது.

கெட்டிஸ் கூறிய வழி

பழைய ஊரைக் காப்பதும் புதிய வசதி செய்வதும் தம்முள் பகை என்று பலர் நினைக்கின்றனர். அஃது அவ்வாறன்று என்று காட்டியவர் பேட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காத்லாந்து தேசத்து அறிஞர். அவர் 1914-ஆம் ஆண்டின் இறுதியில் இத்தேசம் வந்து, மதுரை, தஞ்சை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களைப் பார்வையிட்டு, சென்னை அரசாங்கத்திற்கு 1915-இல் அறிக்கைகள் தந்தார். நெருக்கமான பகுதிகளை ஒழுங்குபடுத்தப் பழைய தெருக்களை ஊடறுத்து நேரான அகலச் சாலைகள் போடவேண்டும் என்பது அக்காலத்துப் பொறியாளர் பலரின் கொள்கை. கெட்டிஸ் அதனை மறுத்தார். நோயுற்ற உடம்பில் அழுகிய இடத்தை மட்டும் அறுத்து ஏனையவற்றைக் காக்கும் மருத்துவன் போல, பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தைச் சிறு வெளியாக்கி, மரம் நட்டுக் காற்றும் வெளிச்சமும் வரச்செய்தால் போதும் என்றார். ஏழைகளைக் குடியிருப்பிலிருந்து பெயர்த்து எறியாமலே இது கைகூடும் என்பதே அவர் கொள்கையின் உயிர்நிலை.

புதிய தேவைக்குப் புதிய இடம் என்பதும் ஒரு நல்ல வழி. 1920-இல் மீனாட்சி கல்லூரியை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், 1929-இல் அது பல்கலைக்கழகமாக வளர்ந்தபோது, பழைய தெருக்களை இடித்து இடம் தேடவில்லை. இருப்புப்பாதைக்குக் கிழக்கே அண்ணாமலைநகர் தனியே எழுந்தது. 1956-இல் நெய்வேலி நிறுவனம் தோன்றிய பின்னர், நம் மாவட்டத்தில் வட்டங்களாக வகுக்கப்பெற்ற முழு நகரமே உண்டாயிற்று. ஆயினும் நிலக்கரிக்காகத் தம் ஊரையும் கோயிலையும் விட்டெழுந்த கிராமத்தாரையும் நாம் மறத்தல் கூடாது; அவர்தம் ஊர்ப்பெயர்களைக் காப்பதும் பழமை பேணலே.

சட்டமும் சமூகமும்

சட்டங்களுக்குக் குறைவில்லை. கர்சன் பிரபு காலத்தில் 1904-ஆம் ஆண்டுப் புராதனச் சின்னப் பாதுகாப்புச் சட்டமும், சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டமும் வந்தன. விடுதலைக்குப்பின் 1958-இல் மத்தியச் சட்டமும், 1971-இல் தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2012-இல் பாரம்பரிய ஆணையச் சட்டமும் இயற்றப்பெற்றன. ஆனால் சட்டம் பெரிய ஆலயத்தையும் பெரிய கோட்டையையுமே முதலில் காணும். தெருமுனைச் சத்திரத்தையும், சுமைதாங்கிக் கல்லையும், திண்ணை வீட்டையும் காணவேண்டிய கண் அவற்றுக்கு உடையவரின் கண்ணே.

காக்க வேண்டுவதும் விட வேண்டுவதும்

இங்கே ஒன்றை ஒளியாது கூறவேண்டும். பழைய ஊரமைப்பில் அழகு இருந்தது, அநீதியும் இருந்தது. இன்ன குலத்தார் இன்ன வீதி என்று வகுத்த கோடு, சிலரை வீதிக்கே வராமல் விலக்கிய கோடுமாகும். நந்தனாரைப் போற்றிய ஊரிலேயே நந்தனாரின் குலத்தார் நெடுங்காலம் புறத்தே நின்றனர். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விச்சாலை கண்டதும், 1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததும் அக்கோட்டை அழித்த செயல்கள். குலச் சத்திரங்களில், இன்னாருக்கே உரியது என்று பொறித்த கற்கள் உண்டு. அக்கல்லைச் சரித்திரச் சான்றாகக் காப்போம், அவ்வழக்கத்தைக் காவோம். கதவு எல்லார்க்கும் திறந்த சத்திரமே இனித் தருமம் எனப்படும்.

நம்மவர் கடமை

ஆதலின் அன்பர்களே, தருமக் கட்டடம் பழுதுற்றால், இடிப்பதற்குமுன் மூன்று செயல்கள் செய்தல் வேண்டும். முதலாவது, அதன் பட்டயம், கல்வெட்டு, எல்லை, அளவு யாவற்றையும் படமும் படியும் எடுத்துச் சங்கத்தில் வைத்தல். இரண்டாவது, சுண்ணாம்புக் காரையும் மரவேலையும் அறிந்த கொத்தரையும் தச்சரையும் கொண்டு, அழுகியதை மட்டும் மாற்றச் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்கிடல். மூன்றாவது, மாணவர் விடுதி, படிப்பகம், யாத்திரிகர் தங்குமிடம் என்று நாள்தோறும் பயன்படும் ஒரு வேலையை அதற்குக் கொடுத்தல். பூட்டிய கட்டடம் பாழாகும். புழங்கும் கட்டடம் நிற்கும். வாடகை வருமானம் பெரிதென்பார்க்கு நாம் கூறும் விடை இது: கடை எங்கும் கட்டலாம், முன்னோர் கை வைத்த திண்ணையை வேறெங்கும் கட்ட இயலாது. வருமானம் வேண்டின், பின்கட்டிலும் புறநகர் மனையிலும் தேடுக. வீதியை நோக்கிய முகப்பைத் தொடற்க. அதனோடு, நம் தெருவின் வடிகாலையும் குளத்தையும் நாமே முதலில் விடுவித்தால், பிறரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும்.

குண்டால் அளந்த எல்லை பெயரளவில் நின்றது. தேரால் அளந்த வீதி இன்றும் உயிரோடு நிற்கிறது. நம்மவர் தருமங்களும் அவ்வீதியைப் போல எல்லார்க்கும் பயன்பட்டு நிலைபெறுக.