மலை ஏறியவர்களும் மலை இறங்கியவர்களும்

ஜூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய கதை, மணி வந்த கதை, பங்கை நடத்திய குருக்களின் வரிசை ஆகியவை இருக்கும். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. இக்கட்டுரை நாம் நாள்தோறும் மேற்கே திரும்பினால் கண்ணில் படும் கல்வராயன் மலையைப் பற்றியது. கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் வரும் தண்ணீர் அம்மலையில் பெய்த மழை என்பதை நாம் அறிவோம். ஆனால் அம்மலையில் குடியிருப்போர் எங்கிருந்து வந்தார்கள், கீழே இவ்வளவு நிலம் இருக்க ஏன் மேலே ஏறினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அவர்கள் ஆதியிலிருந்தே மலையில் வாழ்ந்தவர்கள் அல்லர். இதை அவர்களே சொல்கிறார்கள். மலையாளி என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. இவர்கள் பேசுவது தமிழ்; மலையை ஆள்பவர் என்ற பொருளிலேயே இப்பெயர் வழங்குகிறது. தங்களைக் காராளர் என்றும், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் வழியினர் என்றும் கூறிக்கொள்வர். காஞ்சியில் இருக்க மனமில்லாமல் கரியராமன் என்னும் தெய்வம் புறப்பட்டதாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் குடும்பத்தோடு அத்தெய்வத்தின் பின்னே வந்து, ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து ஏறினார்களாம். யார் எந்த மலைக்குப் போனார் என்பது சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று மலைக்கு மலை மாறும். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்ட தர்ஸ்டன் இக்கதையின் பல வடிவங்களைத் தொகுத்திருக்கிறார். தெற்கே முகமதியர் ஆட்சி பரவிய காலத்தில், அதற்கு உட்பட்டு வாழ விரும்பாமல் வெளியேறினார்கள் என்பது அவற்றுள் ஒன்று.

கதையை அப்படியே சரித்திரம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஓர் இனம் முழுவதும் ஒரே நாளில் ஒரே காரணத்துக்காகப் பெயர்ந்து போவது அபூர்வம். அந்த வடிவத்தைக் கொண்டு இன்று யாரும் யாரையும் குறை சொல்வதும் முறையன்று. எனினும் கதை ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள்: போகிற இடத்தில் நம்மை ஆளப்போவது யார்? அங்கே பிழைக்க நமக்குக் கட்டுபடியாகுமா?

இரண்டாவது கேள்வியை அற்பமாக எண்ணலாகாது. சமவெளியில் வரி என்பது குடியானவனின் கழுத்தில் கிடந்த நுகம். விஜயநகர ஆட்சியில் 1429-ஆம் ஆண்டு, ஒருவரோடொருவர் சண்டையிட்டு வந்த வலங்கைச் சாதியாரும் இடங்கைச் சாதியாரும் ஒன்றுகூடி, அதிகாரிகளும் நிலக்காணியாளரும் செய்த வரிக் கொடுமையை எதிர்த்து நின்றனர். கொறுக்கைக் கல்வெட்டு இதற்குச் சாட்சி. எதிர்த்து நிற்க இயலாதவன் என்ன செய்வான்? இரவோடு இரவாக மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த சீமைக்குப் போய்விடுவான். அன்றைய தமிழ்நாட்டில் நிலம் மிகுதி, உழுவதற்கு ஆள் குறைவு. ஆகவே குடிகள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சம் அரசனுக்கே உண்டு. ஓட்டுச் சீட்டு இல்லாத காலத்தில் ஏழையின் கையில் இருந்த ஓட்டு அவனுடைய கால்தான்.

மலை அப்படிப்பட்டவனுக்கு எதைக் கொடுத்தது? கல்வராயன் மலையைச் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வர். வடக்கே உள்ள சின்னக் கல்வராயன் சுமார் 2700 அடி உயரம். தெற்கே உள்ள பெரிய கல்வராயன் சுமார் 4000 அடி. நெல் விளையும் நிலம் சிறிதளவே. சாமை, தினை, கேழ்வரகு, வரகு இவையே உணவு. காட்டில் கடுக்காய், புளி, தேன். வெட்டி எரித்துச் சாம்பலில் விதைத்து, மண் களைத்ததும் அடுத்த சரிவுக்குப் போகலாம். மாடு கட்டி உழும் நிலம் உழவுகாடு; மாடு ஏறாத சரிவில் கொத்தினால் கிளறி விதைப்பது கொத்துக்காடு. தீர்வையும் சங்கிலி பிடித்து அளந்த ஏக்கர்க் கணக்கில் இல்லை. ஏர் எத்தனை, கொத்து எத்தனை என்று எண்ணி வாங்குவது வழக்கம். உழைக்கும் கையைப் பார்த்து வரி போடுவது ஏழைக்குப் புரியும் கணக்கு. வழக்குத் தீர்க்க ஊருக்கு மூப்பனும் நாட்டுக்குப் பட்டக்காரரும் தங்கள் இனத்திலேயே இருந்தனர். காய்ச்சலும் புலியும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் கீழேயிருந்த அதிகாரியும் அந்தக் காய்ச்சலுக்கு அஞ்சியே மேலே வரவில்லை என்பதை மறக்கக் கூடாது.

இப்படி இடம் தேடியவர்கள் மலைமக்கள் மட்டுமல்லர். நம் வேதத்தாரும் தேடியிருக்கிறார்கள். ஏலாக்குறிச்சித் திருத்தலத்துக்கு நம்மில் பலர் போய் வந்திருப்போம். கொள்ளிடத்தின் தென்கரை அன்று தஞ்சை மராத்திய மன்னரின் ஆட்சி; வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி அரியலூர்ப் பாளையத்தைச் சேர்ந்தது. 1701-ஐ ஒட்டி ஷாஜி மன்னர் காலத்தில் தஞ்சைச் சீமையில் வேதகலாபனை எழுந்தபோது, ஆற்றைக் கடந்தால் வேறு ஆட்சி, வேறு நியாயம். ஓர் ஆற்றின் அகலமே சிறைக்கும் விடுதலைக்கும் நடுவே இருந்த தூரம்! பின்னர் வீரமாமுனிவர் அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அங்குள்ள அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். பக்தி மொழியாக மட்டும் நாம் உச்சரிக்கும் அப்பெயரில் ஓர் எல்லைக்கோட்டின் சரித்திரமும் அடங்கியிருக்கிறது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை. இங்கிலாந்தில் கத்தோலிக்கராக வாழ்வது குற்றம் போலிருந்த காலத்தில், பால்டிமோர் பிரபு அமெரிக்காவில் மேரிலாந்து என்ற குடியேற்றத்தை ஏற்படுத்தினார். 1634-இல் பேழை, புறா என்ற பெயர்களைத் தாங்கிய இரு கப்பல்களில் முதல் குடியினர் போய் இறங்கினர். ஆட்களை அழைத்து வந்தவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிலம். கப்பல் கூலிக்குப் பணமில்லாத ஏழையோ நான்கைந்து ஆண்டு பிறனுக்கு அடிமை போல் உழைத்து அக்கடனைத் தீர்க்க வேண்டும். 1649-இல் கிறிஸ்தவப் பிரிவினர் எவரையும் மதத்தின் பெயரால் துன்புறுத்தலாகாது என்று அங்கே சட்டம் இயற்றினர். ஆனால் 1689-இல் ஆட்சி கவிழ்ந்தது. 1718-க்குள் கத்தோலிக்கருக்கு வாக்குரிமையே இல்லை என்றாயிற்று. எதற்கு அஞ்சிக் கடல் கடந்தார்களோ அதுவே அடுத்த தலைமுறையில் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

கல்வராயன் மலையிலும் ஆட்சி மாறியது. ஆனால் வெளியேயிருந்து படை எடுத்து எவரும் வரவில்லை, உள்ளேயே மாறியது. மலை ஐந்து ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. சேலம் பக்கம் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் ஜாகீர்கள். நம் பக்கம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகியோரின் மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை இது என்பது வழிவழியாக வரும் செய்தி. வெள்ளையர் ஆட்சியிலும் இவர்கள் தத்தம் மலையில் தாங்களே வரி வாங்கினர். ஏர் எண்ணி, கொத்து எண்ணி வாங்கிய வரியோடு, ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கும் கடமையும் குடிகள் தலையில் ஏறியது. தூரத்து அரசனின் அதிகாரிக்குத் தப்பி வந்தவன், பக்கத்தில் இருந்த சொந்த இனத்துப் பெரியவருக்கு வெட்டி வேலை செய்தான். தூரத்து அதிகாரியை ஏமாற்றலாம். பக்கத்து வீட்டுக்காரரை எப்படி ஏமாற்றுவது? மலை ஏறிய கதையை மட்டும் பாடிவிட்டு இந்தப் பகுதியை விட்டுவிடுவது நேர்மையாகாது.

சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இலேயே வந்துவிட்டது. நாடு சுதந்திரம் பெற்றது, குடியரசாயிற்று, பொதுத் தேர்தல்கள் வந்து போயின. கல்வராயன் ஜாகீர்கள் மட்டும் 1976 வரை நீடித்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. கீழே மண்ணெண்ணெய் விளக்குப் போய் மின்விளக்கு வந்து, பேருந்து ஓடி, சினிமாக் கொட்டகை எழும்பிய பிறகும், இருபது மைல் தூரத்தில் பழைய காலம் அப்படியே குடியிருந்தது. மலையின் தூரம் ஒரு காலத்தில் அவர்களைக் காப்பாற்றியது. பிற்காலத்தில் அதே தூரம் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் சாலையையும் மேலே வரவிடாமல் தடுத்தது.

அதே 1976-இல் இன்னொன்றும் நடந்தது. பழங்குடியினர் பட்டியலைத் திருத்தி நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. தமிழ்நாட்டுக்கான பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களின் பெயர்கள் குறிக்கப்பட்டன. கள்ளக்குறிச்சி அன்று தென் ஆர்க்காட்டில் இருந்ததால் கல்வராயன் மலைமக்கள் பட்டியலுக்குள் வந்தனர். பர்கூர் மலை அன்று கோயம்புத்தூர் மாவட்டம், பின்பு ஈரோடு மாவட்டம். அங்கு வாழும் மலையாளிகள் அதே இனம், அதே பேச்சு என்று சொல்லியும் வெளியே நின்றனர். பழங்குடிச் சான்றிதழ் வேண்டி அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். பாட்டன் எந்தக் காலத்திலோ எந்த மலையை நோக்கி நடந்தானோ, அதைப் பொறுத்துப் பேரனின் கல்லூரி இடமும் அரசு உத்தியோகமும் அமைகின்றன. இவ்வளவு பெரிய கணக்கு தன் நடையில் இருக்கிறது என்று அந்தப் பாட்டன் கனவிலும் கண்டிருக்க மாட்டான். (பழங்குடியினர் கிறிஸ்தவரானாலும் இச்சான்றிதழை இழப்பதில்லை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ 1950-ஆம் ஆண்டு ஆணையால் அந்த உரிமை கிடைப்பதில்லை. நம் பங்கு மக்களில் பலருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

இப்போது மலை இறங்கும் காலம். வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் சாலை போய்விட்டது. சாமையும் தினையும் சுருங்கி, ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி போகிறது. காடு 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்குப் பிறகு காப்புக்காடு ஆனதால், அடுத்த சரிவுக்குப் பெயர்ந்து போவது குற்றமாயிற்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன் அனுபவித்த நிலத்துக்குப் பழங்குடியினர் உரிமை கோரலாம் என்கிறது. ஆனால் உள்ள நிலம் பிள்ளைகளுக்குப் பிரிந்தால் ஆளுக்கு எவ்வளவு வரும்? ஆகவே குடகுக் காப்பித் தோட்டத்துக்கும், கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும், திருப்பூர்ப் பனியன் ஆலைக்கும் போகிறார்கள். தரகன் காட்டிய கூலியை நம்பி ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீசாரின் துப்பாக்கியால் இருபது தமிழ்த் தொழிலாளர் மாண்டனர். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைவாழ் மக்கள்.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டம் ஆனபோது, மலைமக்களுக்குக் கலெக்டர் ஆபீசு கிட்டத்தில் வந்தது. முன்பு விழுப்புரத்துக்கும், அதற்கு முன் கடலூருக்கும் போக வேண்டியிருந்தது. 2024 ஜூனில் நம் நகரத்துக் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அத்துயரத்தை ஒட்டி, கல்வராயன் மலைமக்களின் நிலை என்ன என்று சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. மலையைப் பற்றி நாடு பேச, கீழே இத்தனை பேர் சாக வேண்டியிருந்தது.

இறங்கி வருகிறவர்கள் இன்று கேட்பதும் அந்தப் பழைய இரண்டு கேள்விகளே. கட்டுபடியாகுமா என்பதில் வீட்டு வாடகை, அட்வான்சு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் வரும். யார் ஆள்வது என்பதில் இன்று மன்னர் இல்லை. வீட்டுக்காரர், கடை முதலாளி, மேஸ்திரி, சான்றிதழில் கையெழுத்துப் போடும் அலுவலர் ஆகியோரே அவர்கள் அன்றாடம் காணும் ஆட்சி. "எந்த ஆளுங்க?" என்று வாடகைக்கு வந்தவரிடம் நாம் முதலில் கேட்கிறோமே, அந்த ஒரு கேள்வியிலேயே அவர்கள் நம் ஊரின் அரசியலை அறிந்துகொள்கிறார்கள். வாடகை குறைந்த தெருவையும் மரியாதை குறையாத தெருவையும் சேர்த்துத் தேடுவது எளிதல்ல. இரண்டும் ஒரே தெருவில் அமைவது அதைவிட அருமை.

அதனால் முழுக்க இறங்கிவிடாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. புருஷனும் பெண்சாதியும் கீழே வேலை செய்வார்கள். கிழவனும் கிழவியும் மேலே ஆட்டையும் இரண்டு காணி மரவள்ளியையும் பார்த்துக்கொள்வார்கள். கரியராமன் கோவில் திருவிழாவுக்கு எல்லாரும் மேலே கூடிவிடுவார்கள். ரேஷன் கார்டை மட்டும் கீழே மாற்றிக்கொள்ளாமல் மலை விலாசத்திலேயே வைத்திருப்பார்கள். காஞ்சியை விட்டு வந்த அந்த மூன்று சகோதரர்களுக்கு அப்படி ஓர் அட்டை இருக்கவில்லை. திரும்பிப் போவதாகவும் எந்தக் கதையிலும் இல்லை.