விளக்கு ஏன் பாடியது?



பன்னிரண்டாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "சார், இந்த சோக் டியூப்லைட்டைத் தவிர வேற எதுக்கு ஆகும்?" "பரீட்சைக்கு ஆகும், உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அவன் கேள்வியே கேட்கவில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன்.

டூரிங் டாக்கீஸ் பின்னால் கார்பன் குச்சி பொறுக்கியவர்களுக்கு ஆர்க் விளக்கு தெரிந்திருக்கும். இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும் வெளிச்சம். ஹாலிவுட்டில் ஊமைப்படக் காலத்துப் படப்பிடிப்பிலும் அதுதான். விளக்கு முனகினால் பேசாத படத்துக்கு என்ன நஷ்டம்? 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது. அரங்குக்குள் மைக் வந்தது. வசனத்தோடு விளக்கின் ரீங்காரமும் பதிவாகத் தொடங்கியது.

1928 தொடக்கத்தில் வார்னர் ஸ்டுடியோவில் டங்ஸ்டன் பல்புகளைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பலரும் அதற்கு மாறினார்கள். சத்தம் மட்டும் காரணமில்லை. சிவப்பையும் பதிவு செய்யும் பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்கு அந்த மஞ்சள் வெளிச்சம் பொருந்தியது. ஆனால் சூடு! சத்தம் புகாமல் அடைத்த அரங்கில் ஃபேனும் போட முடியாது.

சரி, முனகலுக்குக் காரணம் விளக்கா? பெரும்பாலும் இல்லை, ஜெனரேட்டர். டி.சி. ஜெனரேட்டரின் கம்யூட்டேட்டரில் செம்புப் பட்டைகள் பிரஷ்ஷை உரசிக்கொண்டே சுற்றும். ஒவ்வொரு பட்டை மாறும்போதும் மின்னோட்டத்தில் ஒரு சிற்றலை. நொடிக்கு 20 சுற்று, 60 பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 1200 சிற்றலை. காதுக்கு நன்றாகவே கேட்கும். மின்னோட்டம் ஏறி இறங்க, ஆர்க்கின் சூடான வாயு விரிந்து சுருங்கும், காற்று அதிரும். விளக்கே ஒலிபெருக்கி ஆகிவிடும். லண்டனில் வில்லியம் டடெல் 1900 வாக்கிலேயே ஆர்க்கோடு ஒரு கீபோர்டை இணைத்துப் பாட்டு வாசித்துக் காட்டியவர்.

மருந்து என்ன தெரியுமா? சோக்! புத்தகத்தில் 'அடைப்புச் சுருள்' என்று மனப்பாடம் செய்தீர்களே, அதேதான். இரும்பு உள்ளகத்தின் மேல் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி, லைனில் தொடராக வைத்தார்கள். ஒரே சீராக ஓடும் மின்னோட்டத்தை அது விட்டுவிடும். கூடிக் குறையும் சிற்றலையை மறிக்கும். லென்ஸ் விதி. பெரிய ஆர்க் ஒன்றுக்கே நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும் என்பதால் அது நம் டியூப்லைட் சோக் மாதிரி கையில் அடங்காது.

பிறகு கலர் வந்தது. 1935இல் மூன்று வண்ண டெக்னிகலரில் முழுநீளமாக வந்த 'பெக்கி ஷார்ப்' படத்துக்கு நீலம் நிறைந்த வெளிச்சம் வேண்டியிருந்தது, அதுவும் ஏராளமாக. பல்பு விளக்குக்காக 1927இல் தொடங்கிய மோல்-ரிச்சர்ட்சன் கம்பெனியே சத்தமில்லாத ஆர்க் விளக்கு செய்து கொடுத்தது. ஒதுக்கி வைத்த ஆர்க் மறுபடி அரங்குக்குள் வந்தது.

அன்று கேள்வி கேட்டவன் இந்த முகநூலில் இல்லை என்று நினைக்கிறேன். அவன் பெயரைப் போடவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் இதை அனுப்பி வையுங்கள், சார் பதில் சொல்லிவிட்டார் என்று.