மைன்ஸ்வீப்பர்
மைன்ஸ்வீப்பர் என்பது கட்டங்களுக்குள் மறைந்திருக்கும் கண்ணிவெடிகளைத் தொடாமல் மற்ற எல்லாக் கட்டங்களையும் திறக்க வேண்டிய கணினிப் புதிர். திறந்த கட்டத்தில் தெரியும் எண், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடிகள் உள்ளன என்பதைச் சொல்லும். இதை அதிர்ஷ்ட விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. இது வளர்ந்த வழியைப் பார்த்தால் அந்தக் கருத்து நிற்காது. இயன் ஆண்ட்ரூ எழுதி, 1983இல் குவிக்சில்வா நிறுவனம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வெளியிட்ட ‘மைன்ட் அவுட்’ ஆட்டத்திலேயே அண்டையில் உள்ள வெடிகளின் எண்ணிக்கை காட்டப்பட்டது. ஆனால் அங்கே ஓர் உருவத்தை நகர்த்திக் களத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோக வேண்டும். 1985இல் எம்எஸ்-டாஸுக்கு வந்த ‘ரிலென்ட்லெஸ் லாஜிக்’கிலும் ஒரு படைவீரர் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகிறார். வழி தேடுகிறவருக்குக் களம் முழுவதும் விளங்க வேண்டிய கட்டாயமில்லை. பாதி புதிராகவே கிடந்தாலும் கரை சேர்ந்துவிடலாம்.

ராபர்ட் டோனரும் கர்ட் ஜான்சனும் உருவாக்கி, 1990இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டர்டெயின்மென்ட் பேக்கில் வந்த வடிவத்தில் நடப்பதற்கு ஆளே இல்லை. எந்தக் கட்டத்தையும் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் வெடியில்லாத கட்டம் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. ஆட்டம் முழுமையான தர்க்கப் புதிரானது இந்த மாற்றத்தால்தான். நேரான ஓரத்தில் 1, 2, 1 என அடுத்தடுத்து எண்கள் நிற்க, அவற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் மூடிய கட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். 2க்கு நேரே வெடி இருந்தால் இரண்டு 1களின் கணக்கும் அதோடு தீர்ந்துவிடும். 2க்கு வேண்டிய இரண்டாவது வெடிக்கு இடமே இராது. ஆகவே நடுக்கட்டம் பாதுகாப்பானது, 1களுக்கு நேரே உள்ளவை வெடிகள். இதில் ஊகத்துக்கு வேலையே இல்லை. 1992இல் விண்டோஸ் 3.1உடன் சேர்ந்து வந்தபின் இந்தக் கணக்கு உலகெங்கும் அலுவலகக் கணினிகளில் பழக்கமானது.

மறுப்புக்கும் அடிப்படை உண்டு. 480 கட்டங்களில் 99 வெடிகள் உள்ள உயர்நிலையில், மூலையில் இரண்டு கட்டங்களும் ஒரு வெடியும் மிஞ்சி, எந்த எண்ணும் உதவாமல் போவது சாதாரணம். ஆனால் இந்தக் குறை, வெடிகளைக் கண்டபடி தூவும் முறையால் வருவது. சைமன் டாத்தம் தம் புதிர்த் தொகுப்பில் எழுதிய ‘மைன்ஸ்’, ஊகமின்றித் தீரும் களங்களையே ஆக்கித் தருகிறது. விதிகளில் ஒன்றும் மாறவில்லை. தர்க்கத்துக்கு ஆழம் போதாது என்பாருக்கு, பர்மிங்காம் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கே 2000ஆம் ஆண்டில் பதில் தந்தார்: தரப்பட்ட எண்களுக்கு முரணின்றி வெடிகளை வைக்க முடியுமா என்று தீர்மானிப்பது, என்பி-முழுமை எனப்படும் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது.

மற்றொரு எதிர்ப்பு அறம் சார்ந்தது. உண்மையான கண்ணிவெடிகள் உயிரையும் காலையும் பறிக்கும்போது அவற்றை விளையாட்டாக்கலாமா என்று இத்தாலியில் எழுந்த இயக்கம் கேட்டது. கேள்வி நியாயமானது, ஆட்டத்துக்கு அந்தப் பெயரும் படமும் தேவையே இல்லை. விண்டோஸ் விஸ்டாவில் வெடிகளுக்குப் பதில் பூக்களை வைத்துக்கொள்ளும் வசதி வந்தபோது எண்களின் கணக்கு அப்படியே இருந்தது.