அரிக்கமேட்டு ஓடுகளும் தென்னிந்தியக் காலக்கணிப்பும்

தேனாம்பேட்டையை ஒட்டிய மாம்பலத்தில், முத்திரைக் காசுகள் எனப்படும் சின்னம் பொறித்த பழைய வெள்ளி நாணயங்களின் புதையலோடு ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றும் கிடைத்தது. காசு பல தலைமுறைகள் கைமாறிப் புழங்கக்கூடியது என்பதால், அது மண்ணுக்குள் போன காலத்தை அதைக் கொண்டு மட்டும் உறுதிசெய்ய இயலாது. உடைந்ததும் எறியப்படும் மட்பாண்டமே இதற்குத் தக்க சான்று என்பதைத் தென்னிந்தியாவில் நிலைநாட்டியது, புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரான மார்ட்டிமர் வீலர், 1930-களில் இங்கிலாந்தின் வெருலேமியம் என்ற ரோமானிய நகரை அகழ்ந்தவர். அந்நாட்டில் நாட்டுப்புற மாளிகையானாலும் நகரமானாலும், ரோமானியக் கட்டடத்தின் வயதை மட்பாண்ட ஓடுகளைக் கொண்டு கணிப்பது வழக்கம். அப்பயிற்சி இருந்ததால்தான், எழும்பூர் அருங்காட்சியகத்தின் அலமாரியில் கிடந்த ஆம்போராவின், அதாவது திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் கப்பலேறி வந்த இருகாதுச் சாடியின், உடைந்த துண்டைக் கண்டதுமே அதன் பெறுமதி அவருக்குப் புலப்பட்டது. பின்னர் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் திரட்டி வைத்திருந்த பொருள்களிடையே அரெட்டைன் ஓடுகளையும் அவர் கண்டார்; இத்தாலியின் அரெஸ்ஸோவில் வனையப்பட்ட இச்செந்நிற மெருகுப் பாண்டங்களில் செய்தவரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும் என்பதால், இவற்றின் காலத்தைச் சில பத்தாண்டுகளுக்குள் அடக்கிச் சொல்ல முடியும்.

1945-இல் வீலர் மண்ணடுக்குகளைப் பிரித்து அகழ்ந்தபோது, அரெட்டைன் ஓடுகளோடு தொடர்புபடுத்தி உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் காலம் குறிக்க வழி பிறந்தது. அவற்றுள் முதன்மையானது, தட்டின் உட்புற அடியில் பல்சக்கரம் உருட்டியதுபோல் நுண்புள்ளிகள் வட்ட வட்டமாகப் பதிந்த ரூலெட் பாண்டம். கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947-இல் அதே பாண்டம் வெளிப்பட்டபோது, அதுவரை காலமே அறியப்படாதிருந்த பெருங்கற்கால ஈமச்சின்னங்களைக்கூட ஆண்டுக்கணக்கில் பொருத்திப் பார்க்க முடிந்தது. ஒரு நாட்டின் முன்வரலாற்றுக்கே அளவுகோலாக அமைந்த இவ்வோடுகளைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அரிக்கமேட்டில் வேறில்லை.

ஆனால் அவ்விடத்தை ரோமானிய வணிகத்தால் உருவான ஊராக வீலர் கருதியது பொருந்தவில்லை. விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை நடத்திய அகழாய்வு, மத்தியதரைக் கடற்சரக்கு வந்திறங்கும் முன்பே அங்கு மக்கள் குடியிருந்ததைக் காட்டியது. ரூலெட் பாண்டமும் மேலைநாட்டு இறக்குமதியன்று, இந்திய மண்ணில் வனையப்பட்டதே என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் மணி செய்த பட்டறைகளின் கழிவுகளும் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன.