வீட்டுக் கணக்கு

தாம்பரம் போகும் மின்சார ரயில், அதற்கு முந்திய நிலையத்தில் நிற்கும்போது 'சானடோரியம்' என்று எழுதியிருப்பதைத் தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். அது ஓர் ஊரின் பெயர் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு மருத்துவமனையால் வந்த பெயர். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து க்ஷயரோகிகளுக்காக அங்கே ஓர் ஆரோக்கிய நிலையம் அமைத்தார்.

அந்த நாளில் க்ஷயத்தைத் தீர்க்கும் மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு, இவ்வளவுதான் சிகிச்சை. நம் பழைய கதைகளில் கதாநாயகி இரண்டு தடவை இருமினால் போதும். முடிவு என்னவென்று வாசகருக்குத் தெரிந்துவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையானால் மதனபள்ளிக்கு அனுப்புவார்கள். ஏழையானால் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்து உருகிப் போவான். எலும்புருக்கி என்று பெயர் வைத்தவர்கள் அநுபவித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பி.ஏ.எஸ். வந்தது. 1952-ல் ஐசோனியஸிட் வந்தது. நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் படுக்கை? சானடோரியத்தில் படுத்துக்கொண்டு சாப்பிட்டால்தான் மருந்து பலிக்கும் என்பது அநேக வைத்தியர்களின் நம்பிக்கை. இந்தியாவிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில்; படுக்கைகள் ஆயிரக்கணக்கில். எல்லோருக்கும் கட்டில் போட்டு முடிப்பதென்றால் கஜானா காலியாகிவிடும். இப்படித்தான் வைத்தியக் கேள்வி பொருளாதாரக் கேள்வியாக மாறியது.

அதற்கு விடை காணச் சென்னையில் 1956-ல் ஒரு நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய நிலையம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில டாக்டர் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். பட்டணத்து ஏழை நோயாளிகள் 193 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் எங்கே சிகிச்சை பெறுவது என்பதை டாக்டர்களின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். 97 பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். 96 பேர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரே பன்னிரண்டு மாதம்.

சானடோரியத்தில் காற்று, உணவு, ஓய்வு மூன்றும் கிடைத்தன. வீட்டிலோ ஒரே அறையில் ஐந்தாறு பேர், அரை வயிற்றுச் சாப்பாடு, முடிந்தபோதெல்லாம் கூலி வேலை. இவர்கள் வாரம் ஒரு முறை நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர்; வீட்டில் 86 பேர். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. உலகமே இந்த முடிவைப் பார்த்து வியந்தது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் அவசியமில்லை என்று ஏற்பட்டது. ஏழை நாட்டில், ஏழைகளிடம் கண்டறிந்த ஒரு பாடத்தைச் சீமையார் கற்றுக்கொண்டார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய விஷயந்தான்.

ஆனால் எந்தக் கணக்கிலும் வரவு ஒன்று இருந்தால் பற்று ஒன்று இருக்கும் அல்லவா? கட்டில் செலவு சர்க்காரின் பேரேட்டிலிருந்து நீங்கியது. அது எங்கே போயிற்று? நோயாளியின் வீட்டுக்குப் போயிற்று. ரயில் சார்ஜ், பஸ் சார்ஜ், போன கூலி, அடகு வைத்த குத்துவிளக்கு, இரவில் கண் விழித்த மனைவி, இவற்றையெல்லாம் எந்த ஆபீஸிலும் பற்று எழுதுவதில்லை. ஆகையால் வீட்டுச் சிகிச்சை மலிவாகத் தோன்றியது.

அந்தப் பற்றையும் எழுதிப் பார்க்க முன்வந்தவர்கள் அதே சென்னை நிலையத்தாரே என்பது அவர்களுக்குப் பெருமை. கிராமத்திலும் நகரத்திலுமாக 304 நோயாளிகளிடம் விசாரித்து, 1999-ல் கணக்கை வெளியிட்டார்கள். ஒரு நோயாளிக்குச் சராசரிச் செலவு 5,986 ரூபாய். அதில் கையை விட்டுப் போன பணம் 2,052 ரூபாய்தான். மீதி 3,934 ரூபாயும் வேலைக்குப் போகாமல் இழந்த வருமானம் முதலானவை. சராசரியாக 83 வேலை நாட்கள் வீணாயின. கடன் 2,079 ரூபாய். பள்ளியில் படித்த குழந்தைகளில் நூற்றுக்கு 11 பேர் படிப்பை நிறுத்தினார்கள்; இன்னும் 8 பேர் குடும்பத்துக்காக வேலைக்குப் போனார்கள். நோயுற்ற பெண்களில் நூற்றுக்கு 15 பேரைக் குடும்பமே ஒதுக்கிவிட்டது. வீட்டிலேயே சிகிச்சை என்று சொல்லிவிட்டோம். அந்தப் பெண்களுக்கு வீடு எது?

சுகாதாரப் பொருளாதாரம் என்பது ஏதோ வறட்டுச் சாஸ்திரம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் ஒரு நாவல் இருக்கிறது.

கணக்கு எழுதியதால் பலன் உண்டா? உண்டு. க்ஷயத்தினால் எந்தக் குடும்பமும் தன் வருஷ வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கலாகாது என்பதை உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு லட்சியமாகவே வைத்தது. இந்திய அரசு 2018-ல் நோயாளிகளுக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, 2024-ல் அதை 1,000 ஆக்கியது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. சென்னை நிலையத்தாருக்கும் அதில் பங்கு உண்டு. உணவு பெற்ற வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தார்கள்.

1959-ல் மருந்து இருந்தால் நல்ல சாப்பாடு இல்லாமலும் நோய் குணமாகும் என்று கண்டோம். அது மெய்தான். நல்ல சாப்பாடு இருந்தால் பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு அந்த நோய் வருவதே குறையும் என்பதும் மெய்தான். முதலாவதைக் கண்டுபிடித்தபோது சர்க்காருக்குப் பணம் மிச்சமாயிற்று. இரண்டாவதற்கோ பணம் செலவாகும். முதலாவதை உடனே ஏற்றுக்கொண்ட நாம் இரண்டாவதையும் அதே சுறுசுறுப்போடு ஏற்றுக்கொள்கிறோமா என்பதில்தான் நம்முடைய யோக்கியதை தெரியும்.