விருதுக்கு முன்னால் ஓர் அறை

விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள் "சிறுவர் இலக்கிய விருதுகள்" என்று தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி நூலகத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்லப்போகிறோம், நல்ல நூல்களுக்குப் பரிசும் உண்டு, அதையொட்டி ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்தபோது விருது பின்னால் போய் நின்றுகொண்டது. முன்னால் வந்தவர் ஓர் அம்மையார். அவரைச் சுற்றிப் புத்தகப் பெட்டிகள், இடிந்த நகரம் ஒன்று, பசித்த பிள்ளைகள். ஏப்ரல் 2 என்ற அந்தத் தேதியே அவர் யோசனையில் பிறந்ததுதான் என்பதால் வரிசைப்படியே சொல்லிவிடுகிறேன்.

யெல்லா லெப்மன் 1891இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதிலேயே, அந்த ஊர்ப் புகையிலை ஆலையில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு வாசிப்பறை தொடங்கினார். முதல் உலகப் போருக்குப் பின் 1922இல் கணவர் இறந்தார். இரண்டு பிள்ளைகளோடு தனித்து நின்றவர் நாளிதழ் ஒன்றில் ஆசிரியர் குழுவில் சேர்ந்து உழைத்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்த வேலை போயிற்று. 1936இல் ஊரைவிட்டே கிளம்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

1945 அக்டோபர் கடைசியில் அவர் மறுபடி ஜெர்மன் மண்ணில் இறங்கினார், அமெரிக்க ராணுவச் சீருடையில். பெண்கள், இளைஞர் நலனுக்கான ஆலோசகர் பதவி. தன் இனத்தாரைக் கொன்று குவித்த நாட்டுக்குத் திரும்பிப் போகவேண்டுமா என்று அவருக்கே தயக்கம் இருந்தது. பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்ற எண்ணம்தான் அவரை விமானம் ஏற்றியது. ஊர் ஊராகச் சுற்றினார். எங்கும் செங்கல் குவியல். அதன் நடுவே, பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே ஒரு குரலை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். ரொட்டியும் போர்வையும் வேண்டும்தான், ஆனால் மற்ற நாட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று இவர்களுக்குக் காட்டவும் வேண்டும் என்றார் லெப்மன். ராணுவத்தில் இதற்குக் காசு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

காசில்லாதவர் கையில் இருப்பது கடிதம். 20 நாடுகளுக்கு எழுதினார். உங்கள் நாட்டின் சிறந்த சிறுவர் நூல்களை அனுப்புங்கள், உங்கள் பிள்ளைகள் வரைந்த படங்களையும் அனுப்புங்கள் என்று கேட்டார். நேற்றுவரை ஜெர்மனியோடு போரிட்ட நாடுகள் அவற்றில் பல. ஆனாலும் பெட்டிகள் வரத் தொடங்கின. பெல்ஜியம் மட்டும் மறுத்தது. ஒரே தலைமுறைக்குள் இருமுறை ஜெர்மன் படையின் காலடியில் கிடந்த நாடு, மறுத்ததில் வியப்பில்லை. லெப்மன் அதற்கும் பதில் எழுதினார்: இருமுறை நடந்தது மூன்றாம் முறை நடக்காமலிருக்க வேண்டாமா என்கிற பொருளில். பெல்ஜியத்திலிருந்தும் பெட்டி வந்தது, அதுவும் தேர்ந்தெடுத்த நூல்களாக.

1946 ஜூலை 3ஆம் தேதி மியூனிக் நகரில் கண்காட்சி திறந்தது. சுமார் 4,000 நூல்கள். திறந்த இடம்தான் விசேஷம். ஹவுஸ் டெர் குன்ஸ்ட் என்னும் அந்தக் கலைக்கூடம், ஜெர்மன் கலையின் பெருமையைப் பறைசாற்ற ஹிட்லர் கட்டி 1937இல் தானே திறந்துவைத்தது. தூண்கள் வரிசைகட்டி நிற்கும் முகப்பு. அதற்குள் ஒன்பது வருடம் கழித்து, நாஜிகள் எதிரிகள் என்று சொன்ன நாடுகளின் படக்கதைகள் அடுக்கப்பட்டன. யாரும் மேடையேறி விளக்கவேண்டிய தேவையே இருந்திருக்காது.

கண்காட்சி பெர்லின் உள்ளிட்ட நகரங்களுக்கும் போயிற்று. அங்கே ஒரு சிக்கல். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்தார்கள், தடவினார்கள், வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டார்கள். இருப்பதோ ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி. லெப்மன் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தார். மன்ரோ லீஃப் என்ற அமெரிக்கர் 1936இல் எழுதிய ஃபெர்டினான்ட் காளையின் கதை. சண்டைக்குப் பழக்கும் ஸ்பெயின் நாட்டுக் காளைகளுக்கு நடுவே, மரத்தடியில் உட்கார்ந்து பூ முகர்ந்துகொண்டிருக்கவே விரும்பும் ஒரு காளை. (ஜல்லிக்கட்டு ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்: வாடிவாசலைத் திறந்துவிட்டாலும் வெளியே வராத மாடு!) ஒரே இரவில் அதைத் தானே ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். நாளிதழ் அச்சடிக்கும் தாளில் 30,000 பிரதிகள் அச்சாகின. பெர்லின் பிள்ளைகள் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

கண்காட்சி முடிந்தால் பெட்டிகளைத் திருப்பிக் கட்டவேண்டியதுதானே. லெப்மன் கட்டவில்லை. இவ்வளவு நூல்களுக்கும் நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அமெரிக்கா போய்ப் பேசினார். அமெரிக்க அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் துணைநின்றார். ராக்கஃபெல்லர் அறக்கட்டளை பணம் தந்தது. 1949 செப்டம்பர் 14 அன்று மியூனிக்கின் ஷ்வாபிங் பகுதியில், கவுல்பாக் தெருவில் ஒரு மாளிகை வீட்டில், சர்வதேச இளையோர் நூலகம் திறக்கப்பட்டது.

இங்கே என் சொந்தக் கதையை நுழைக்கிறேன், மலர்க் குழுவினர் பொறுத்தருள்க. நான் சிறுவனாக இருந்தபோது போய்வந்த கிளை நூலகம் ஒன்றில் சிறுவர் நூல்கள் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. சாவி மேசை டிராயரில். அட்டைப் படங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்தே பாதிப் புத்தகங்களின் கதையை நானாகக் கற்பனை செய்துகொண்டேன். பின்னாளில் சிலவற்றைப் படித்தபோது என் கதைகள் மேலாகத் தோன்றின என்பது வேறு விஷயம். திறந்தால் கிழித்துவிடுவார்கள் என்பதுதான் அன்று சொன்ன காரணம்.

கவுல்பாக் தெரு வீட்டில் பூட்டு இல்லை. அமெரிக்கப் பொது நூலகங்களின் பழக்கப்படி அலமாரிகள் திறந்துகிடந்தன; பிள்ளை தானே போய்த் தானே எடுக்கலாம். அன்றைய ஜெர்மனியில் இது புதிது. படிப்பதோடு நிற்கவும் இல்லை. ஓவியக் கூடம் இருந்தது. அயல்மொழி வகுப்புகள் நடந்தன. கதை சொன்னார்கள், நாடகம் போட்டார்கள். பிள்ளைகள் ஐக்கிய நாடுகள் சபை போலக் கூடி உலக நடப்பை விவாதித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, படித்த புத்தகத்தைப் பற்றி வளர்இளம் வாசகர்கள் உட்கார்ந்து பேசிய கூட்டங்கள். பெரியவர்கள் ஆகா ஓகோ என்ற புத்தகத்தை அவர்கள் சலிப்பு என்று சொல்லலாம், அதற்கும் காதுகொடுத்தார்கள். இன்று நம் நூலகங்களில் நடக்கும் வாசகர் வட்டம், கதை நேரம், கோடை முகாம் எல்லாவற்றையும் அங்கே ஒரே கூரையின் கீழ் பார்த்திருக்கலாம்.

அந்த வீட்டுக்கு நெருக்கமானவர் எரிக் கேஸ்ட்னர், "எமிலும் துப்பறிவாளர்களும்" எழுதியவர். 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜிகள் நூல்களை எரித்தபோது, தன் நூல்கள் தீயில் விழுவதைக் கூட்டத்தோடு நின்று பார்த்த எழுத்தாளர் அவர். மனிதர்களின் மாநாடுகள் தோற்றுக்கொண்டே இருப்பதைப் பார்த்து விலங்குகளே ஒரு மாநாடு கூட்டுகின்றன என்ற கருவை லெப்மன் சொல்ல, கேஸ்ட்னர் அதைக் கதையாக எழுதினார். 1949இல் வந்த "விலங்குகளின் மாநாடு" அதுதான்.

இனித்தான் விருது வருகிறது. 1951 நவம்பரில் லெப்மன் மியூனிக்கில் ஒரு மாநாடு கூட்டினார். சிறுவர் நூல்கள் வழியே நாடுகளுக்கிடையே புரிதல் என்பது பொருள். ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்தேகா இ கஸேத் வந்து பேசினார். பேசிக் கலைந்தால் போதாது, ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவாகி, 1953இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இளையோர் நூல்களுக்கான சர்வதேச வாரியம் பிறந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஐ.பி.பி.ஒய். என்பார்கள். 80க்கு மேற்பட்ட நாடுகளில் இன்று அதற்குக் கிளைகள் உண்டு.

அந்த வாரியம் 1956இல் முதன்முதலாகக் கொடுத்ததுதான் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. சிறுவர் இலக்கியத்தின் நோபல் என்று பத்திரிகைகள் எழுதும். ஆனால் நோபலில் உள்ள பணம் இதில் இல்லை. ஒரு தங்கப் பதக்கம், ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். முதல் விருது இங்கிலாந்தின் எலினார் ஃபார்ஜனுக்கு. அவருடைய "சின்னப் புத்தக அறை" என்ற கதைத் தொகுப்பு அதைப் பெற்றது. மற்ற அறைகளில் இடம் கிடைக்காத புத்தகங்கள் வந்து குவிந்த, தூசி மண்டிய சிற்றறை ஒன்று அவர் சிறுவயதில் வளர்ந்த வீட்டில் இருந்தது. அங்கே யார் தடையும் இல்லாமல் எதை வேண்டுமானாலும் படித்தார் அவர். தொகுப்புக்குப் பெயர் தந்தது அந்த அறை. நூலகத்திலிருந்து கிளைத்த விருது, ஒரு புத்தக அறையின் பெயர் தாங்கிய நூலுக்கே முதலில் போய்ச் சேர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் நினைத்தால் மனம் குளிர்கிறது.

1958இல் ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன். 1960இல் கேஸ்ட்னர். தொடக்கத்தில் ஒரு தனி நூலுக்கு என்றிருந்ததை 1962 முதல் ஒருவரின் மொத்தப் படைப்புக்கு என்று மாற்றினார்கள். 1966இல் ஓவியர்களுக்கும் தனி விருது வந்தது. முதலில் பெற்றவர் சுவிட்சர்லாந்தின் அலாய்ஸ் காரிஜியே. எழுதப் படிக்கத் தெரியாத வயதில் பிள்ளை "படிப்பது" ஓவியனைத்தான். அவனுக்கு விருது வர பத்தாண்டு பிடித்திருக்கிறது. நம் பக்கம் சிறுவர் நூல் அட்டையில் ஓவியர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிற நிலையை வைத்துப் பார்த்தால் பத்தாண்டு ஒன்றும் அதிகமில்லை.

லெப்மன் 1957இல் நூலகப் பொறுப்பிலிருந்து விலகி சூரிச்சில் குடியேறினார். நடந்ததையெல்லாம் 1964இல் "சிறுவர் நூல் பாலம்" என்ற நினைவுநூலாக எழுதினார். விருதுக்குப் பெயர் தந்த டேனிஷ் கதாசிரியர் ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2ஐ உலகச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடுவது 1967இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஒரு நாட்டுக் கிளை, எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்குமாக ஒரு செய்தியும் சுவரொட்டியும் தயாரித்துத் தரும். 1970 அக்டோபரில் லெப்மன் மறைந்தார். நூலகம் 1983இல் மியூனிக் புறநகரின் புளூட்டன்பர்க் என்ற பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டை மாளிகைக்கு இடம் மாறியது. இன்று 240க்கும் மேற்பட்ட மொழிகளில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான நூல்கள் அங்கே இருக்கின்றன.

நம் நாட்டுக்கும் இதற்கும் உறவு உண்டு. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957இல் தில்லியில் சில்ரன்ஸ் புக் டிரஸ்ட்டைத் தொடங்கினார். அவர் முயற்சியில் 1981இல் உருவான சிறுவர் எழுத்தாளர், ஓவியர் சங்கம்தான் ஐ.பி.பி.ஒய்.யின் இந்தியக் கிளை. 1998 செப்டம்பரில் வாரியத்தின் 26ஆவது மாநாடு புதுதில்லியிலேயே கூடியது. அமெரிக்க எழுத்தாளர் கேத்ரின் பேட்டர்சனும் ஓவியர் டோமி உங்கரரும் அந்த ஆண்டின் ஆண்டர்சன் விருதாளர்கள்.

அந்த மாநாட்டில் சிறப்புரை ஆற்ற ஜப்பானிய மகாராணி மிச்சிகோ வருவதாக இருந்தது. மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. ஹிரோஷிமாவின் நாடு முகம் திருப்பிக்கொண்டது, பயணம் நின்றது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. ஒளிநாடாவில் பதிவாகித் தில்லிக்கு வந்தது. போர்க்காலத்தில் ஊரைவிட்டு அனுப்பப்பட்ட சிறுமியாகத் தான் படித்த ஒருசில புத்தகங்களைப் பற்றி அவர் அதில் பேசினார். தன் ஓடு முழுக்கத் துயரமே நிறைந்திருப்பதாக உணரும் ஒரு நத்தை, நண்பர்களைக் கேட்டுக் கேட்டு, துயரம் எல்லார் ஓட்டிலும் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் குட்டிக்கதையையும் நினைவுகூர்ந்தார்.

அவரை மாநாட்டுக்கு அழைத்ததற்குக் காரணம் மகாராணி என்பது மட்டுமல்ல, அவர் மொழிபெயர்ப்பாளர். மிச்சியோ மாதோ என்ற முதிய கவிஞர் குழந்தைகளுக்காக எளிய பாடல்கள் எழுதிவந்தார். ஜப்பானியக் கிளை கேட்டுக்கொள்ள, மிச்சிகோ அவற்றில் சிலவற்றை ஆங்கிலத்தில் தந்தார். "விலங்குகள்" என்ற பெயரில் 1992இல் அது நூலானது. 1994இல் மாதோ ஆண்டர்சன் விருது பெற்றார், அதைப் பெற்ற முதல் ஜப்பானிய எழுத்தாளராக.

2024 வரையான பட்டியலில் இந்திய எழுத்தாளர் எவரும் இல்லை. நம்மிடம் நல்ல சிறுவர் எழுத்து இல்லாததால் என்று நான் நம்பவில்லை. ஈரானிய ஓவியர் ஃபர்ஷித் மெஸ்காலி 1974இலேயே பெற்றிருக்கிறார். படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். எழுத்துக்கு வேண்டும். ஒவ்வொரு நாட்டுக் கிளையும் தன் வேட்பாளரைப் பற்றிய குறிப்புகளோடு அவருடைய நூல்களையும் உலகின் பல மூலைகளில் இருக்கும் நடுவர்களுக்கு அனுப்பிவைக்கவேண்டும். அவர்கள் அதைப் படித்தாகவேண்டும். 1946இல் மியூனிக்குக்கு வந்ததுபோல இன்றும் பெட்டிதான் போகிறது. தமிழ்ப் புத்தகம் ஒன்று அந்தப் பெட்டியில் போகும் நாளில், பக்கத்திலேயே இன்னொரு மொழியில் அதே புத்தகமும் இருந்தாகவேண்டும். அதை மொழிபெயர்க்கப்போகிறவர் ஒருவேளை இந்த ஏப்ரல் 2 அன்று நம் நூலகத்தில் முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கதை கேட்பார்.